பெற்றோரின் கோப்பில் அடங்காத வயது: இஸ்ரேலில் குடியேறும் யூத இளைஞர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இஸ்ரேலில் குடியேறும் யூதக் குடும்பங்களில் பெற்றோர் தங்களுக்குரிய சலுகைகளைத் தேடிப்பிடித்து வாங்கிவிடுகிறார்கள். உடன் வரும் 18, 19 வயதுப் பிள்ளையின் உரிமைகள்தான் கவனிப்பாரின்றி நழுவிப் போகின்றன. "நம் பிள்ளைதானே, நமக்குக் கிடைப்பதில் அடங்கிவிடும்" என்ற நினைப்பே முதல் தவறு. 18 நிறைந்தவர் சட்டத்தின் கண்ணில் தனி ஆள். 'தெயுதத் ஓலே' எனும் குடியேறியவர் சான்று அவர் பெயரிலேயே இருக்கிறதா என்று வந்தவுடன் பாருங்கள். பின்னால் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதலில் கேட்பது அதைத்தான்.

அவருடைய தேதிகளும் தனி. கட்டாய ராணுவ சேவை எவ்வளவு காலம் என்பதைக் குடியேறும்போது உள்ள வயது தீர்மானிக்கிறது. பிறந்தநாளுக்கு முந்தைய வாரம் வந்து இறங்குவதும் அடுத்த வாரம் இறங்குவதும் ஒன்றல்ல. டிக்கெட் எடுப்பதற்கு முன்பே இதை விசாரித்துக்கொள்ள வேண்டும். இளங்கலைப் படிப்புக்கான கல்விக் கட்டணத்தை அரசு மூன்று ஆண்டு வரை ஏற்கிறது. ஆனால் குடியேறிய 36 மாதங்களுக்குள் படிப்பைத் தொடங்கியாக வேண்டும், வயது வரம்பும் உண்டு. ராணுவத்தில் கழித்த காலம் அந்த 36 மாதக் கணக்கில் சேராது. வேலை பார்த்த காலம் சேரும். "ஒன்றிரண்டு வருடம் சம்பாதித்துவிட்டுப் படிக்கலாம்" என்று தள்ளிப்போடுபவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

பெற்றோரில் ஒருவர் ஏற்கெனவே இஸ்ரேல் குடிமகனாக இருந்தால் கதையே வேறு. வெளிநாட்டில் பிறந்த அந்தப் பிள்ளை பொதுவாகப் பிறப்பிலேயே இஸ்ரேல் குடிமகன். எனவே அவர் 'ஓலே', அதாவது புதிதாகக் குடியேறியவர் அல்ல, 'எஸ்ராக் ஓலே', அதாவது குடியேறும் குடிமகன் என்ற வகையில் வருவார். 14 வயதுக்கு முன் பெற்றோருடன் நாட்டைவிட்டுப் போய், குறைந்தது நான்கு ஆண்டுகள் வெளியே இருந்து, 17 வயதுக்குப் பின் திரும்புகிறவருக்குச் 'சிறுவயதில் சென்று திரும்பியவர்' என்ற தனி வகை உண்டு. இது தெரியாமல் தவறான படிவத்தை நிரப்பி மாதக்கணக்கில் அலைவது மிகவும் வேதனையானது. இத்தகையவர்கள் இஸ்ரேல் பாஸ்போர்ட்டுடன் நுழைவதுதான் விதி. அதைத் தூதரகத்தில் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

யூதர்களுக்கு இஸ்ரேலில் குடியேறும் உரிமை தரும் திரும்புதல் சட்டம், 1970 திருத்தத்துக்குப் பின் யூதரின் பேரப்பிள்ளை வரைக்கும் இடம் தருகிறது. கொள்ளுப்பேரனுக்கு அந்தச் சட்டத்தில் சொந்த உரிமை இல்லை. 18 வயதுக்குள் என்றால் பெற்றோருடன் வரும் வழி இருக்கிறது. ஆகவே அந்தக் குடும்பங்கள் பிள்ளையின் பள்ளிப் படிப்பு முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இந்தியாவிலிருந்து செல்லும் பெனே இஸ்ரேல் (மகாராஷ்டிராவின் கொங்கண் கரை யூதர்கள்) குடும்பங்களுக்கு இரண்டு விஷயங்கள் கூடுதலாக உண்டு. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. இஸ்ரேல் குடியுரிமை பெற்றவுடன் இந்தியக் குடியுரிமை போய்விடும். பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு, வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் (OCI) அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அடுத்த விடுமுறைக்கு அதே பாஸ்போர்ட்டில் பாட்டியைப் பார்க்க வந்தால் அது சட்டமீறல்.

இன்னொன்று பெயர். கொங்கண் கரையின் பேண் ஊர்க்காரர் பேண்கர் என்பதுபோல, ஊர்ப்பெயருடன் 'கர்' சேர்ந்த குடும்பப்பெயர்கள் இவர்களிடம் வழக்கம். பிறப்புச் சான்றிதழில் பெஞ்சமின், பள்ளிச் சான்றிதழில் பின்யமின், பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயரே இல்லை என்று ஒரே பிள்ளை மூன்று ஆளாக நிற்பான். திருத்தங்களையும் வெளிநாட்டில் ஆவணம் செல்லுபடியாவதற்கான வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரையையும் மும்பைக்கு அருகிலுள்ள தாணே போன்ற சொந்த ஊரில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். டெல் அவீவில் உட்கார்ந்துகொண்டு நகராட்சி எழுத்தரிடம் ஓர் எழுத்தை மாற்றச் சொல்வது எளிதல்ல.