பழைய டிரெட்ஜ் பம்பு தண்ணீர் இழுக்கவில்லையா? ஸ்பானரை எடுக்காதீர்கள், ஆற்றிலிருந்து ஆரம்பியுங்கள்

டிரெட்ஜ் என்றால் ஆற்றடிச் சரளையை உறிஞ்சித் தங்கத்தைப் பிரிக்கும் மிதவை இயந்திரம். எஞ்சின் முழு வேகத்தில் கத்துகிறது, தங்கம் தங்கும் சரிவுத் தொட்டியான ஸ்லூயிஸ் பெட்டியில் தண்ணீர் சும்மா வழிகிறது, உறிஞ்சு குழாயின் முனையைச் சரளைக்கல் மேல் வைத்தால் ஒரு கூழாங்கல்கூட நகரவில்லை. இந்த நேரத்தில் கை தானாக ஸ்பானரைத் தேடும். தேடவிடாதீர்கள். பழைய பம்பைத் தேவையில்லாமல் பிரித்தால் பல வருடமாக இறுகிக் கிடந்த போல்ட் தலை முறிந்து வரும், கேஸ்கெட் கிழியும், மாற்றுச் சாமான் ஆற்றங்கரையில் கிடைக்காது. நான் பார்த்த வரை கோளாறு பெரும்பாலும் பம்புக்குள் இருப்பதில்லை, பம்புக்கும் ஆற்றுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

நான் இந்த வேலை பழகியது அலாஸ்காவில், சிக்கன் என்ற குட்டி ஊரை ஒட்டிய ஃபார்ட்டிமைல் ஆற்றுப் பகுதியில். அங்கே 1886ல் தங்கம் கிடைத்தது, கனடாவின் க்ளாண்டைக் தங்க வேட்டைப் பரபரப்புக்குப் பத்து வருடம் முன்பே. இன்றும் கோடையில் அனுமதி வாங்கிக்கொண்டு சின்ன மிதவை டிரெட்ஜோடு இறங்குபவர்கள் உண்டு. கோடை குறுகியது, ஒரு வாஷர் வாங்கப் போனால் ஒரு நாள் போய்விடும். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஒரு விஷயம் தெளிவாக இருக்கட்டும். இந்த வகை டிரெட்ஜில் கல்லும் மணலும் பம்பு வழியாகப் போவதே இல்லை. பம்பு சுத்தமான ஆற்றுத் தண்ணீரை இழுத்து, அழுத்தத்தோடு ஒரு ஜெட் வழியாக உறிஞ்சு குழாய்க்குள் பீய்ச்சுகிறது, அந்த வேகம்தான் பின்னாலிருக்கும் கல்லையும் மணலையும் தங்கத்தையும் இழுத்துக்கொண்டு வருகிறது. ஆகவே இழுவை இல்லை என்றால் இரண்டு இடத்தில் சந்தேகப்பட வேண்டும்: ஒன்று பம்புக்குத் தண்ணீர் வரும் பக்கம், மற்றொன்று ஜெட்டும் உறிஞ்சு குழாயும். எஞ்சினை நிறுத்தி, ஜெட்டுக்குப் போகும் டெலிவரி ஹோஸைக் கழற்றி, வாயை ஆள் இல்லாத பக்கம் திருப்பி நன்றாகக் கட்டிவிட்டுக் குறைந்த வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். தண்ணீர் திமுதிமுவென்று வந்தால் பம்பு நல்ல பம்பு, ஜெட்டின் மூக்கில் ஒரு கல்லோ இலைச் சருகோ அடைத்திருக்கிறது, இல்லையென்றால் உறிஞ்சு குழாயில் தட்டைக் கல் ஒன்று குறுக்கே மாட்டியிருக்கிறது. அதை எடுத்தால் வேலை முடிந்தது.

தண்ணீர் மெலிதாகவோ விட்டுவிட்டோ வந்தால் புட்வால்வுக்குப் போங்கள், அதாவது பம்புக்குத் தண்ணீர் இழுக்கும் ஹோஸின் ஆற்று முனையில் இருக்கும் சல்லடை வைத்த ஒருவழி வால்வு. மணலில் புதைந்து கிடக்கிறதா, சல்லடையில் பாசி சுற்றியிருக்கிறதா என்று கையை விட்டுப் பாருங்கள். பம்பு வீணாகப் போவதற்கு முக்கியக் காரணமே புட்வால்வு ஆற்றின் அடியில் கிடந்து மணலை உறிஞ்சுவதுதான். சுற்றிலும் ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் அதை வைத்து மிதவையிலிருந்து தொங்கவிடுங்கள், பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரின் ஆயுள் கூடும். அடுத்து, பம்பு வாய் வரை தண்ணீர் ஊற்றிவிட்டு ஐந்து நிமிடம் காத்திருங்கள். தண்ணீர் மட்டம் இறங்கினால், புட்வால்வின் நாக்கில் ஒரு பொடிக்கல் சிக்கியிருக்கும், அல்லது ரப்பர் விறைத்துப் போயிருக்கும், அல்லது ஹோஸ் எங்கேயோ ஒழுகுகிறது.

அடுத்தது காற்று. இதில் அவசரப்படாதீர்கள், ஏனென்றால் பழைய பம்புகளில் நான் கண்ட கோளாறுகளில் இதுதான் அதிகம், கண்ணுக்குத் தெரியாததும் இதுதான். சக்ஷன் பக்கம், அதாவது பம்புக்குத் தண்ணீர் வரும் பக்கம், ஓட்டை இருந்தால் பம்பு ஓடும்போது தண்ணீர் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும், இந்த வகைப் பம்பு காற்றைத் தள்ளத் தெரியாமல் விட்டுவிடும். பம்பு ஓடும்போது ஒவ்வொரு கிளாம்ப் மேலும், ஒவ்வொரு இணைப்பு மேலும் ஷேவிங் நுரையைத் தடவுங்கள். எங்கே நுரை உள்ளே இழுக்கப்படுகிறதோ அங்கேதான் ஓட்டை. கிளாம்பை இன்னும் முறுக்குவதால் பெரும்பாலும் பலன் இல்லை, ஹோஸின் முனை விறைத்துப் போயிருந்தால் இரண்டு அங்குலம் வெட்டி எறிந்துவிட்டுப் புதிய இடத்தில் மாட்டுங்கள். ஹோஸ் போகும் வழியையும் பாருங்கள். ஆற்றிலிருந்து பம்பு வரை அது ஏறிக்கொண்டே வர வேண்டும், நடுவில் ஒரு மேடு இருந்தால் அங்கே காற்று தங்கிவிடும், எத்தனை முறை தண்ணீர் ஊற்றினாலும் பம்பு எடுக்காது. பழைய ஹோஸில் இன்னொரு ஏமாற்று வேலை உண்டு: வெளியே நன்றாக இருக்கும், உள் உறை மட்டும் பிரிந்து, இழுக்கும்போது சுருங்கி வழியை அடைக்கும், நிறுத்தினால் பழையபடி விரிந்துவிடும். சந்தேகம் வந்தால் வேறு ஹோஸை மாட்டிப் பார்ப்பதுதான் ஒரே வழி.

இதெல்லாம் சரி என்றால் எஞ்சின் வேகம். சத்தத்தை நம்பாதீர்கள், ஆர்பிஎம் மீட்டர் வைத்துப் பாருங்கள். இந்தச் சின்ன எஞ்சின்கள் சுமார் 3,600 ஆர்பிஎம்மில் ஓட வேண்டியவை. 3,000க்கு இறங்கினால் அழுத்தம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும், ஏனென்றால் வேகம் குறையும்போது அழுத்தம் அதன் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது. போன வருட பெட்ரோல் டேங்கில் கிடந்து கார்புரேட்டர் ஜெட்டை அடைத்திருக்கும், அல்லது எஞ்சின் வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னரின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். பல ஹோண்டா ஜிஎக்ஸ் எஞ்சின்களில் ஆயில் குறைந்தால் தானாக நிறுத்திவிடும் அமைப்பு உண்டு, மிதவை ஆடும்போது எஞ்சின் திடீர் திடீரென்று நின்றால் முதலில் ஆயிலைப் பாருங்கள். பெட்ரோலை மட்டும் தயவுசெய்து கரையில் வைத்து ஊற்றுங்கள். அந்த ஆற்றில் மீன் இருக்கிறது, கீழே ஆட்கள் இருக்கிறார்கள்.

இதற்கு அப்புறமும் தண்ணீர் வரவில்லையா, இப்போது ஸ்பானரை எடுக்கலாம். பம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் தண்ணீர் சொட்டினால் மெக்கானிக்கல் சீல் போய்விட்டது. அந்த சீல் என்பது கார்பன் வளையமும் செராமிக் வளையமும் முகத்தோடு முகம் உரசுவதுதான், தண்ணீர்தான் அதற்கு எண்ணெய். தண்ணீர் இல்லாமல் கொஞ்ச நேரம் ஓடினாலே வெந்துவிடும். ஒரு முறை எஞ்சின் ஸ்டார்ட் ஆகிறதா என்று பார்க்கக் கரையில் வைத்து வெறும் பம்பை ஓட்டினேன், புது சீல், அன்றைக்கே போய்விட்டது. புதிதாகப் போடும்போது அந்த முகங்களை விரலால் தொடாதீர்கள், கிரீஸ் வைக்காதீர்கள், ரப்பர் பகுதிக்கு மட்டும் சோப்புத் தண்ணீர் தடவி உள்ளே தள்ளுங்கள்.

இம்பெல்லர் பெரும்பாலும் ஷாஃப்ட்டில் மரை போட்டுத்தான் உட்கார்ந்திருக்கும். முன்னால் நின்று பார்த்தால் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றினால் கழறும். ஷாஃப்ட் கூடவே சுற்றாமல் இருக்க, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, பிஸ்டன் கம்ப்ரஷனில் ஏறத் தொடங்கும் நேரத்தில் ஒரு நைலான் கயிற்றைத் துளை வழியாக உள்ளே விடுங்கள், மறுமுனை வெளியே இருக்கட்டும், பிஸ்டன் கயிற்றில் முட்டி நிற்கும். இம்பெல்லர் இதழைச் சுத்தியலால் அடிக்காதீர்கள், மரக்கட்டையை வைத்து மெதுவாகத் தட்டுங்கள். இதழ் முனைகள் மழுங்கிப் பளபளவென்று தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். இதழ் நன்றாக இருந்தும் அழுத்தம் இல்லை என்றால் இம்பெல்லருக்கும் பம்பின் வெளிக்கூடான கேசிங்குக்கும் நடுவில் உள்ள சந்து பெரிதாகியிருக்கும். அதை அளக்க, குழந்தைகள் விளையாடும் களிமண்ணை இதழ் மேல் சின்னச் சின்ன உருண்டையாக ஒட்டி, கேசிங்கைப் பழைய கேஸ்கெட்டோடு முறுக்கி, மறுபடி கழற்றுங்கள், நசுங்கிய களிமண்ணின் கனம்தான் சந்து. இம்பெல்லருக்குப் பின்னால் மெல்லிய ஷிம் வளையம் போட்டு அதைக் குறையுங்கள், ஆனால் கையால் சுற்றும்போது எங்கேயும் உரசக் கூடாது.

பூட்டியதும் கேசிங்கையும் ஹோஸையும் நிரப்பிவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். அப்புறம் செப்டம்பரில் கரையேறும் நாளில் கேசிங்கின் அடியில் உள்ள பிளக்கைத் திறந்து, பம்பைச் சாய்த்து, கடைசிச் சொட்டு வரை வடித்துவிடுங்கள். அந்தக் குளிரில் உள்ளே தங்கிய ஒரு டம்ளர் தண்ணீர் உறைந்தாலே கேசிங் வெடித்துவிடும்.