ஃபிட்ஸோட வாழறீங்களா? இந்த மார்க் ஷீட்ட போட்டுப் பாருங்க

"தைரியமா இரு, ஒண்ணும் ஆகாது"ன்னு யாராவது சொன்னா எனக்கு கடுப்பு தான் வரும், ஃபிட்ஸ் சொல்லிட்டா வருது? அதனால தைரியத்த ஓரமா வெச்சுட்டு வேலைய பாப்போம்.

முதல்ல ஒரு பேப்பர் எடுங்க. மாத்திரைய நேரத்துக்கு போட முடியுதா, தூக்கம் கெடாம பாத்துக்க முடியுதா, ஃபிட்ஸ் வந்தா என்ன பண்ணனும்னு கூட இருக்கறவங்களுக்கு தெரியுமா, டாக்டர்கிட்ட கூச்சமில்லாம கேக்க வருதா. நாலுக்கும் 0லேர்ந்து 10 வரை மார்க் போடுங்க, எது கம்மியோ அங்கேர்ந்து ஆரம்பிங்க. மாத்திரைக்கு நான் முதல்ல போட்டது 4.

அந்த மாத்திரைல தான் பாதி விஷயமே இருக்கு. கையில டம்ளரோட நின்னுட்டு "இப்ப போட்டேனா, போடலயா"ன்னு முழிச்சிருக்கேன், ஏழு நாள் டப்பா வாங்கினப்புறம் அந்த தொல்லை இல்ல, செவ்வாய் ராத்திரி கட்டம் காலியா இருந்தா போட்டாச்சு, அவ்ளோதான். ஒரு வேளை மறந்தா என்ன பண்ணனும்னு டாக்டர்கிட்ட முன்னாடியே கேட்டு டப்பா மூடியில ஒட்டிடுங்க, நீங்களா ரெண்டா சேத்து போடாதீங்க. மாசக்கணக்கா ஃபிட்ஸ் வரலன்னு திடீர்னு நிறுத்தவும் கூடாது, நிக்காத ஃபிட்ஸா கூட வரலாம்.

அடுத்து டைரி, எது ஃபிட்ஸ தூண்டுதுன்னு கண்டுபுடிக்க. தேதி, நேரம், எத்தன நிமிஷம், முந்தின ராத்திரி தூக்கம், காய்ச்சல், குடி, பீரியட்ஸ், மாத்திரை விட்டுப்போச்சா, இவ்ளோ போதும். எல்லாரும் மின்னுற லைட்ட தான் குத்தம் சொல்வாங்க, ஆனா வலிப்பு இருக்கறவங்கள்ல 100ல ஒரு 3 பேருக்கு தான் அந்த பிரச்சனை. என் டைரில மூணு மாசம் கழிச்சு பாத்தா கண்ணு முழிச்ச ராத்திரிங்க தான் வரிசையா நின்னுச்சு.

அப்புறம் கூட இருக்கற ஒருத்தருக்காவது சொல்லிக்குடுங்க: பக்கத்துல இருக்கற கூரான சாமான நகத்து, தலைக்கு கீழ மெத்துனு எதாவது வை, அமுக்கி பிடிக்காத, வாய்க்குள்ள எதுவும் திணிக்காத, உதறல் நின்னதும் ஒருக்களிச்சு படுக்க வை, வாட்ச்ச பாரு. 5 நிமிஷம் தாண்டினாலோ, நினைவு திரும்பாம அடுத்தது வந்தாலோ ஆம்புலன்ஸ். வாயால சொன்னா மறந்துடுவாங்க, ஒரு தடவ நீங்களே கீழ படுத்து அவங்கள திருப்ப சொல்லுங்க, சிரிப்பு வரும், பரவால்ல.

குளிக்கறப்ப உள் தாழ்ப்பாள் வேணாம்.

ஒரு மாசம் கழிச்சு அதே நாலு கேள்விக்கு திரும்ப மார்க் போடுங்க. எனக்கு மாத்திரை 8 ஆயிடுச்சு. டாக்டர்கிட்ட கேக்கறது மட்டும் இன்னும் 5 தான், உள்ள போனா நாக்கு ஒட்டிக்குது, அதனால கேள்விய போன்ல டைப் பண்ணிட்டு போய் அப்படியே நீட்டிடறேன்.