தொசியே (குடியுரிமை விண்ணப்பக் கோப்பு) போட்டுவிட்டு ஊருக்குப் பறக்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில் பிரெஞ்சுக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் நம்மவர்களுக்குப் பல வருடமாக உதவி வருகிறேன். படிவம் நிரப்ப, கடிதம் எழுத, பிரெஃபெக்த்யூர் (மாவட்ட அரசு அலுவலகம்) நேர்காணலுக்குத் தயாராக என்று வருவார்கள். புதுச்சேரி, காரைக்கால், யாழ்ப்பாணம் என்று ஊர் மாறுமே தவிர, சறுக்கும் இடம் மாறுவதில்லை. சமீபத்தில் ஒரு பையன், "அக்கா, தொசியே போட்டாச்சு. இனி ஆறு மாசம் ஊர்ல இருந்துட்டு வரலாம்ல?" என்று கேட்டான். இதே கேள்வியைக் கேட்காமலேயே கிளம்பிப் போனவர்கள் பட்ட பாட்டைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பெயரில் எழுத்துப் பிழை, மொழிபெயர்க்காத பிறப்புச் சான்று, கட்டாமல் விட்ட வரி, 2026 ஜனவரி முதல் கேட்கப்படும் பி2 நிலை பிரெஞ்சு மொழிச் சான்று, குடிமைத் தேர்வு ஆகியவற்றை யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதை விட்டுவிடுகிறேன். வியாபாரம், குடும்பம், கோயில் காரியம் என்று வருடத்தில் பல தடவை தீவை விட்டு வெளியே போகிறவர்களுக்குத்தான் இது. அதிலும் தெக்ரே (அரசாணை) வழியாகக் குடியுரிமை கேட்டவர்களுக்கு. பிரெஞ்சுக்காரரை மணந்து அந்த வழியில் கேட்பவர்களுக்குக் கணக்கு வேறு.

விண்ணப்பித்த நாளோடு வசிப்புக் கணக்கு முடிந்தது என்று நினைப்பது

இத்தனை வருடத்தில் என்னை மிகவும் எரிச்சல்படுத்திய தவறு இதுதான். இன்னும் எரிச்சல் குறையவில்லை.

விண்ணப்பத்துக்கு முந்தைய 5 வருடம் பிரான்சில் வசித்திருக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். சிவில் சட்டத் தொகுப்பின் 21-17ஆம் பிரிவு அது. ரெயூனியன் 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டம் என்பதால் இங்கே இருந்த காலமும் அதில் சேரும். அதற்கு முந்தைய பிரிவை, அதாவது 21-16ஐ, யாரும் படிப்பதில்லை. தெக்ரேவில் கையெழுத்தாகும் நேரத்தில் பிரான்சில் வசிக்காத எவருக்கும் குடியுரிமை தர முடியாது என்று அது சொல்கிறது. விண்ணப்பித்த நாளிலும் நேர்காணல் நாளிலும் இங்கே இருந்தது மட்டும் போதாது. கையெழுத்தாகும் நாளிலும் உங்கள் வாழ்க்கை இங்கேதான் இருக்க வேண்டும். அந்த நாள் எப்போது வரும் என்று உங்களுக்கு முன்கூட்டியே யாரும் சொல்லப்போவதில்லை.

சேன் பியேர் பக்கம் ஓர் உணவகத்தில் சமையல் வேலை பார்த்த காரைக்கால் தம்பி ஒருவர். நிரந்தர வேலை, ஒழுங்கான வரி, நல்ல பிரெஞ்சு. தொசியேவும் சுத்தமாக இருந்தது. ரெசிப்பிசே (விண்ணப்பம் பெற்றதற்கான ரசீது) கைக்கு வந்த கொஞ்ச நாளில் அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று ஊருக்குப் போனார். போனது நியாயம்தான். ஆனால் கிளம்பும்போது, வாடகை வீணாகிறதே என்று வீட்டைக் காலி செய்து, முகவரியை நண்பர் வீட்டுக்கு மாற்றினார். அப்பா தேறிய பிறகு தங்கை கல்யாணம் வந்தது. விடுப்பு தீர்ந்ததும் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டார். மனைவியும் பிள்ளைகளும் ஏற்கனவே காரைக்காலில்தான்.

அவர் திரும்பி வந்தபோது, கடைசி சம்பளச் சீட்டுகளும் வாடகை ரசீதும் கேட்ட கடிதம் காத்திருந்தது. மேசையில் அவர் பரப்பி வைத்த காகிதங்கள் இன்னும் கண்ணில் நிற்கின்றன. சம்பளச் சீட்டு மார்ச்சோடு நிற்கிறது, வாடகை ரசீதும் மார்ச்சோடு நிற்கிறது. மின்சார பில்லும் வீட்டைக் காலி செய்ததோடு நின்றுவிட்டது. பாஸ்போர்ட்டைத் திறக்கவே வேண்டாம். ஆள் இங்கே இல்லை என்று காகிதமே சொல்லிவிடுகிறது. விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. வேலை, வீடு, குடும்பம் எல்லாவற்றையும் முதலிலிருந்து நிலைநிறுத்திவிட்டுத்தான் மறுபடி கேட்க வேண்டும் என்ற நிலை.

என் கோபம் அவர் மேல் இல்லை, அவருக்கு யோசனை சொன்னவர் மேல். ஒரு டிக்கெட் ஏஜென்ட், "உங்க கார்த்துக்கு மூணு வருஷம் வெளிய இருந்தாலும் ஒண்ணும் ஆகாது, தைரியமா போங்க" என்று சொல்லியிருக்கிறார். தொடர்ந்து 3 வருடத்துக்கு மேல் வெளியே இருந்தால் பத்து வருட வதிவிட அட்டை (அவர் சொன்ன கார்த்) செல்லாது என்பது உண்மை. ஆனால் அது அட்டைக்கான விதி. குடியுரிமைக்கான வசிப்பு முற்றிலும் வேறு. அட்டை உயிரோடு இருந்தாலும் தொசியே செத்துப்போகலாம். இந்த இரண்டையும் குழப்பி, பணம் வாங்கிக்கொண்டு யோசனை சொல்கிறவர்களால் எத்தனை குடும்பம் வருடக்கணக்கில் பின்னுக்குப் போயிருக்கிறது!

வசிப்பு என்பதற்கு பிரெஞ்சு நிர்வாகம் வைத்திருக்கும் அளவு இதுதான்: நிலையான இருப்பிடம், வருமானம் வரும் இடம், நெருங்கிய குடும்பம் இருக்கும் இடம். இவை பிரான்சில் கூடியிருக்க வேண்டும். மனைவியோ கணவனோ சின்னப் பிள்ளைகளோ ஊரிலேயே இருந்தால், நீங்கள் ஒருநாள்கூட வெளியே போகாவிட்டாலும் அது பெரிய ஓட்டைதான். பணம் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வந்தாலும் அப்படியே. 2025 மே 2ஆம் தேதி உள்துறை அமைச்சர் அனுப்பிய சுற்றறிக்கைக்குப் பிறகு, வேலையும் வருமானமும் இன்னும் கறாராகப் பார்க்கப்படுகின்றன.

அப்படியானால் அப்பா படுத்திருக்கும்போது போகக்கூடாதா? போங்கள். வீட்டைக் காலி செய்யாதீர்கள். வேலையை விடாதீர்கள், சம்பளமில்லா விடுப்பாக எழுதி வாங்குங்கள். மருத்துவமனைச் சீட்டு, போன டிக்கெட், வந்த டிக்கெட் எல்லாவற்றையும் ஓர் உறையில் போட்டு வையுங்கள். நீண்டுகொண்டே போனால் நடுவில் ஒருமுறை வந்து தலைகாட்டினால் போதும் என்று நினைக்காதீர்கள். வேலையும் வாடகையும் அறுபடாமல் ஓடுகிறதா என்பதுதான் கேள்வி.

நாட்களை எண்ணிக்கொண்டே இருப்பது

டொரொண்டோவில் இருக்கும் சொந்தக்காரர் சொன்னார் என்று ஒரு கணக்கோடு வருவார்கள். கனடாவில் 5 வருடத்தில் 1,095 நாள் அங்கே இருந்திருக்க வேண்டும். அங்கே எண்ணினால்தான் வேலை நடக்கும். பிரெஞ்சுச் சட்டத்தில் அப்படி ஓர் எண் கிடையாது. துணி எடுக்கத் திருப்பூருக்கும் காஞ்சிபுரத்துக்கும் வருடத்தில் பல தடவை போகும் ஒரு கடைக்கார அக்கா எந்தச் சிக்கலும் இல்லாமல் வாங்கினார். கடை இங்கே, வரி இங்கே, பிள்ளைகள் சேன் ஆந்த்ரே பள்ளியில். ஒவ்வொரு பயணத்துக்கும் கொள்முதல் ரசீது இருந்தது. நேர்காணலில் பாஸ்போர்ட் முத்திரைகளைப் பற்றிக் கேட்டபோது தேதி வாரியாகப் பட்டியலை எடுத்து நீட்டினார். அதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

எண் இல்லை என்பதால் மறைக்கலாம் என்று அர்த்தமில்லை. பழைய பாஸ்போர்ட்டை "தொலைந்துவிட்டது" என்று சொல்லும் யோசனையை யாராவது கொடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். போன இடத்தைவிடப் பொய்தான் அதிகம் கெடுக்கும்.

மொரீசியஸில் இருந்தால் பக்கம்தானே என்பது

அங்கே இருந்த காலம் வசிப்புக் கணக்கில் சேராது. பிரான்சோடு சுங்க ஒன்றியத்தில் இருப்பதால் மொனாக்கோவில் வசிப்பது பிரான்சில் வசிப்பதாகக் கொள்ளப்படும்; மொரீசியஸ் வெளிநாடுதான். வெளிநாட்டில் பார்த்த வேலையும் கணக்கில் வர வேண்டுமானால், அது பிரெஞ்சு அரசுக்காகவோ, பிரெஞ்சுப் பொருளாதாரத்துக்கோ பண்பாட்டுக்கோ தனிப் பயன் தரும் ஓர் அமைப்புக்காகவோ இருக்க வேண்டும். 21-26ஆம் பிரிவு. வேலை கொடுத்தவரிடமிருந்து கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தபால் பெட்டிச் சாவியை யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போவது

பதிவுத் தபால் வரும்போது ஆள் இல்லையென்றால் தபால்காரர் ஒரு சீட்டைப் போட்டுவிட்டுப் போவார். தபால் நிலையத்தில் 15 நாள் இருக்கும், பிறகு திரும்பிவிடும். நீங்கள் வாங்கவில்லை என்பதால் அது வராததாக ஆகிவிடாது. சீட்டுப் போட்ட நாளிலிருந்தே கெடு ஓடத் தொடங்கும். மறுப்போ ஒத்திவைப்போ வந்தால் அமைச்சரிடம் முறையிட இருப்பது 2 மாதம். அந்த முறையீட்டைச் செய்யாமல் பிரான்சின் நாந்த் நகரில் உள்ள நிர்வாக நீதிமன்றத்துக்குப் போகவும் முடியாது. கூடுதல் காகிதம் கேட்டு வந்த கடிதத்துக்குக் கெடுவுக்குள் பதில் போகாவிட்டால் தொசியேவை மூடிவிடுவார்கள்.

நண்பரிடம் சாவி கொடுத்தால் போதாது. சீட்டு வந்தால் தபாலை வாங்க உங்கள் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதமும் அவருக்கு வேண்டும். அந்தச் சீட்டு சூப்பர் மார்க்கெட் விளம்பரத் தாள்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு குப்பைக்குப் போனதையும் பார்த்திருக்கிறேன். விண்ணப்பத்துக்கு இணையக் கணக்கு இருந்தால் ஊரிலிருந்தும் வாரம் ஒருமுறையாவது திறந்து பாருங்கள்.

18 மாதம் முடிந்தது, பதில் வந்தே தீரும் என்று டிக்கெட் போடுவது

சட்டம் சொல்வது, முழுத் தொசியேவுக்கு ரெசிப்பிசே கொடுத்த நாளிலிருந்து 18 மாதம். 10 வருடமாக இங்கே வசிப்பவர்களுக்கு 12. அதற்கு மேல் 3 மாதம் நீட்டிக்கலாம். நடைமுறையில் இன்னும் இழுக்கும். அந்தத் தேதியை நம்பிக் கல்யாணத் தேதி குறிக்காதீர்கள்.

அகதி அந்தஸ்தில் இருப்பவர்கள் பிறந்த நாட்டுக்குப் போவது

போகாதீர்கள்.

நடுவில் மாறியதைச் சொல்லாமல் விடுவது

முகவரி, வேலை, கல்யாணம், குழந்தை, எது மாறினாலும் எழுதித் தெரிவியுங்கள். குழந்தை விஷயத்தில் இது மிக முக்கியம். உங்களோடு வசிக்கும், 18 வயது நிரம்பாத பிள்ளைக்கும் உங்களோடு சேர்த்தே குடியுரிமை கிடைக்கும். ஆனால் பிள்ளையின் பெயர் தெக்ரேவில் இருக்க வேண்டும். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போய், குழந்தை அங்கே பிறந்து, அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, தெக்ரேவில் பெயர் இல்லாமல் போனால் அந்தப் பிள்ளைக்குத் தனியாக அலைய வேண்டும்.

தெக்ரே வந்த பிறகும் இந்தியப் பாஸ்போர்ட்டில் பறப்பது

இந்தியாவின் 1955 குடியுரிமைச் சட்டம், 9ஆம் பிரிவு: இன்னொரு நாட்டின் குடியுரிமையை விரும்பிப் பெற்ற நொடியில் இந்தியக் குடியுரிமை போய்விடும். பிரெஞ்சுத் தெக்ரேவோ கையெழுத்தான நாளிலிருந்தே செல்லும். வரவேற்பு விழாவுக்கு அழைப்பு வர மாதங்கள் ஆகலாம். அதுவரை நான் இந்தியன்தான் என்று நினைத்துப் பழைய பாஸ்போர்ட்டோடு சென்னையில் இறங்குவது சட்டப்படி தவறு, அபராதமும் உண்டு. ஊரில் இருக்கும்போதே கையெழுத்தாகிவிட்டால் இன்னும் சங்கடம்: பழைய பாஸ்போர்ட்டைப் பயன்படுத்தக் கூடாது, புதியது கையில் இல்லை.

அதனால் தொசியே அமைச்சகத்துக்குப் போய்விட்டது என்று தெரிந்த பிறகு நீண்ட பயணம் வைக்காதீர்கள். தெக்ரே வந்ததும் நாந்த்தில் தயாராகும் பிரெஞ்சுப் பிறப்புப் பதிவை வைத்துப் பிரெஞ்சுப் பாஸ்போர்ட் எடுங்கள். பிறகு ரெயூனியன் தலைநகர் சேன் தெனியில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சான்று வாங்குங்கள். ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்) அட்டைக்கு விண்ணப்பிக்க அந்தச் சான்று வேண்டும். அட்டை வருவதற்குள் அவசரம் வந்தால், பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டில் விசா போட்டுக்கொண்டு போகலாம்.