ட்விலைட் டிஸ்க்: வாங்குமுன் பார்க்க வேண்டியதும் டிவியில் மாற்ற வேண்டியதும்

பெல்லா என்ற பெண்ணும் எட்வர்ட் என்ற ரத்தக்காட்டேரியும் காதலிக்கும் கதை ‘ட்விலைட்’. 2008 நவம்பரில் அமெரிக்கத் தியேட்டர்களுக்கு வந்த இந்தப் படம், 2009 மார்ச் 21 அன்று அங்கே டிவிடியாக வெளிவந்தது. நள்ளிரவிலேயே கடைகளைத் திறந்து விற்றார்கள். முதல் நாளில் மட்டும் முப்பது லட்சத்துக்கு மேல் போனது. அத்தனை பிரதிகள் புழங்குவதால், சாதாரண டிவிடியை ‘அரிய பதிப்பு’ என்று சொல்லி விலை ஏற்றுபவரை நம்ப வேண்டாம்.

வாங்கியவர்கள் சொல்லும் குறைகள் பெரும்பாலும் மூன்றுதான்: ஓடவில்லை, படம் முழுக்க நீலமாக இருக்கிறது, பேசுவது கேட்கவில்லை. பல நேரம் டிஸ்க்கின் மேல் தப்பே இருக்காது.

ரீஜன்

ஒரு பகுதியில் விற்கும் டிஸ்க் அந்தப் பகுதிப் பிளேயரில்தான் ஓடும் என்று போட்ட பூட்டுதான் ரீஜன். டிவிடி அட்டையின் பின்புறம் சின்ன உலக உருண்டைக்குள் ஓர் எண் இருக்கும். அமெரிக்கா, கனடாவுக்கு 1. ஐரோப்பா, வளைகுடாவுக்கு 2. சிங்கப்பூர், மலேசியாவுக்கு 3. ஆஸ்திரேலியாவுக்கு 4. இந்தியா, இலங்கைக்கு 5. ப்ளூரேயில் எண்ணுக்குப் பதில் எழுத்து: அமெரிக்கா, கனடா, சிங்கப்பூர், மலேசியா ‘ஏ’, ஐரோப்பா, வளைகுடா, ஆஸ்திரேலியா ‘பி’, இந்தியா, இலங்கை ‘சி’. 4கே டிஸ்க்குக்கு ரீஜன் பூட்டு கிடையாது, ஆனால் சாதாரண ப்ளூரே பிளேயரில் அது ஓடாது.

டிவிடி பிளேயர்கள் பலவற்றில் ரிமோட்டில் சில எண்களை அழுத்தியே பூட்டை எடுத்துவிடலாம். பிளேயரின் மாடல் எண்ணைப் போட்டுத் தேடுங்கள். ப்ளூரே பிளேயர் அவ்வளவு எளிதில் மசியாது. வாங்குமுன் எழுத்தைப் பார்த்துவிடுவதே வழி. கணினி டிரைவில் ரீஜனை ஐந்து தடவைதான் மாற்ற முடியும். ஐந்தாவது தடவை எதில் வைத்தீர்களோ, டிரைவ் அதிலேயே பூட்டிக்கொள்ளும். திரையில் கேள்வி வந்ததும் அவசரப்பட்டு ‘ஓகே’ கொடுக்காதீர்கள்.

டிவிடியில் இன்னொரு சிக்கல் உண்டு. நாட்டுக்கு நாடு டிவி ஒளிபரப்பு முறை வேறு: அமெரிக்க டிஸ்க் என்டிஎஸ்சி முறை, ஐரோப்பிய டிஸ்க் பிஏஎல் முறை. இந்தியாவில் விற்கும் இன்றைய டிவிகள் இரண்டையும் ஏற்கும். கனடாவிலோ அமெரிக்காவிலோ இருப்பவர் லண்டனிலிருந்து டிவிடி வரவழைத்தால், ரீஜன் பூட்டை எடுத்த பிறகும் படம் வராமல் போகலாம். அங்கே விற்கும் பிளேயர்கள் பலவற்றுக்கு பிஏஎல் புரியாது. பிஏஎல் டிவிடியில் படம் நொடிக்கு 24 ஃபிரேமுக்குப் பதில் 25 ஆக ஓடுவதால், 122 நிமிடப் படம் 117-ல் முடிந்துவிடும். பாட்டும் குரலும் கொஞ்சம் கீச்சென்று ஏறும். காட்சி எதுவும் வெட்டப்படவில்லை.

பழைய டிஸ்க்கைச் சோதிப்பது

அமெரிக்காவில் வந்த சிறப்புப் பதிப்பில் இரண்டு டிஸ்க். முதலாவதில் படம், இரண்டாவதில் படப்பிடிப்பு ஆவணப் பகுதிகள். கைமாறி வரும் பெட்டிகளில் இரண்டாவது காணாமல் போயிருக்கும். இரண்டின் அடிப்புறத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். ஆலையில் அச்சிட்ட டிவிடியின் அடி வெள்ளி நிறமாகவோ லேசான பொன்னிறமாகவோ இருக்கும். ஊதா தெரிந்தால் யாரோ வீட்டில் எழுதிய நகல்.

கீறல் எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள். நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் போகும் மெல்லிய கீறலைப் பிளேயரின் பிழைதிருத்தம் சமாளித்துவிடும். வட்டப்பாதையோடு சேர்ந்து ஓடும் கீறல்தான் ஆபத்து. தொடர்ச்சியான தகவல் மொத்தமாகப் போய்விடும், படம் அங்கே உறையும். துடைக்கும்போது நடுவிலிருந்து வெளியே நேராக இழுப்பதும் இதனால்தான். வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், மைக்ரோஃபைபர் துணி போதும். பற்பசை வேண்டாம். ப்ளூரேயில் தகவல் அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டரில் இருக்கிறது, தேய்த்துச் சரிசெய்ய இடமே கிடையாது. டிவிடியில் அது 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் இருப்பதால் கொஞ்சம் மெருகு தாங்கும்.

சில பெட்டிகளில் டிஜிட்டல் நகலுக்கான சீட்டு இருக்கும். அதற்காகக் கூடுதலாக ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். கெடு என்றோ முடிந்திருக்கும்.

நீலம் குறையல்ல

இயக்குநர் கேத்தரின் ஹார்ட்விக்கும் ஒளிப்பதிவாளர் எலியட் டேவிஸும் இந்தப் படத்தை வேண்டுமென்றே நீலமும் பச்சையுமாக வைத்தார்கள். வாஷிங்டன் மாநிலத்து ஃபோர்க்ஸ் என்ற மழையூரில் நடக்கும் கதை அது. சிக்கல் என்னவென்றால், கடையிலிருந்து வரும் டிவி ஏற்கெனவே நீலம் தூக்கலாக அமைந்திருக்கும். நீலத்தின் மேல் நீலம் ஏறி, ரத்தக்காட்டேரிகள் மட்டுமல்ல, பெல்லாவின் அப்பாகூடப் பிணமாகத் தெரிவார்.

பிக்சர் மோடை ‘மூவி’ அல்லது ‘சினிமா’வுக்கு மாற்றுங்கள். கலர் டெம்பரேச்சரை ‘வார்ம்’ ஆக்குங்கள். சரிபார்க்கத் தொடக்கத்திலேயே வசதி இருக்கிறது: பெல்லா ஃபீனிக்ஸை விட்டுக் கிளம்பும் காட்சியில் வெயில் மஞ்சளாக அடிக்க வேண்டும், ஃபோர்க்ஸுக்கு வந்ததும் குளிர்ந்துவிட வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் இன்னும் சரியாகவில்லை. கண்ணுக்கு நீலமாகப் படுகிறதே என்று கலரைக் கையால் திருகி மஞ்சளாக்காதீர்கள். அடுத்த பாகமான ‘நியூ மூன்’, வேறு இயக்குநர் கையில், பொன்னிறத்துக்கு மாறிவிட்டது. திருகிய அமைப்பில் அது மஞ்சள்காமாலை பிடித்த மாதிரி இருக்கும்.

ஷார்ப்னஸைக் குறையுங்கள், பல டிவிகளில் பூஜ்யத்துக்கு அருகில் வையுங்கள். புல்வெளியில் எட்வர்டின் தோல் மினுங்கும் காட்சி டிவிடியின் சுருக்கத்தில் ஏற்கெனவே புள்ளிபுள்ளியாக உடையும். ஷார்ப்னஸ் அதைப் பெரிதாக்கிக் காட்டும். இந்த ஒரு காட்சிக்காகவே ப்ளூரே வாங்கலாம். அசைவை வழவழப்பாக்க டிவி தானே இடையில் ஃபிரேம்களைச் சேர்க்கும் மோஷன் ஸ்மூதிங்கையும் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் மரத்துக்கு மரம் பாயும் காட்சிகள் சீரியல் போல வழுக்கும். மேலும் கீழும் வரும் கறுப்புப் பட்டை படத்தின் அகல வடிவத்தால் வருவது. ‘ஜூம்’ போட்டால் இருவர் எதிரெதிரே நிற்கும் காட்சியில் ஆளுக்கொரு காது காணாமல் போகும்.

வசனம் கேட்கவில்லையா

ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் கொண்ட 5.1 ஒலியில் பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குப் போகிறது. உங்களிடம் இருப்பது இரண்டு ஸ்பீக்கர்தான், பிளேயரோ 5.1 என்று நினைத்து அனுப்புகிறது என்றால் இசை மட்டும் முழங்கும். பிளேயரின் ஆடியோ அமைப்பில் ‘ஸ்டீரியோ’ அல்லது ‘பிசிஎம்’ தேர்ந்தெடுங்கள். இரவில் பார்ப்பவர்கள் ‘நைட் மோட்’ போட்டால் முணுமுணுப்பு மேலே வரும், இடி அடங்கும். ஒலி அளவை முடிவு செய்ய பேஸ்பால் காட்சிதான் சரி. மட்டையடியே இடி மாதிரி விழும் காட்சி அது. அதை வைத்து உச்ச அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அமெரிக்க டிஸ்க்கில் தமிழ் வசனவரி கிடையாது. ஆங்கில வசனவரியைப் போட்டுக்கொள்வதில் வெட்கமில்லை, பெல்லாவாக வரும் கிறிஸ்டன் ஸ்டூவர்ட் அவ்வளவு மெதுவாகத்தான் பேசுகிறார்.

இரண்டாம் முறை பார்ப்பவர்கள் கமென்டரி டிராக்கைப் போடுங்கள். ஹார்ட்விக், ஸ்டூவர்ட், எட்வர்டாக வரும் ராபர்ட் பாட்டின்சன் மூவரும் படத்தைப் பற்றிப் படம் நெடுகப் பேசுகிறார்கள். மெனுவில் தேடிக் கிடைக்காவிட்டால் படம் ஓடும்போதே ரிமோட்டில் ‘ஆடியோ’ பட்டனை அழுத்திக்கொண்டே போனால் வரும். முடிந்ததும் அதே பட்டனால் பழைய டிராக்குக்குத் திரும்பிவிடுங்கள். சில பிளேயர்கள் அடுத்த முறையும் கமென்டரியோடுதான் தொடங்கும்.