துப்பாக்கிக் கடையும் வங்கிக் கடனும்: தகராறு வந்தபின் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்காரர் கடன் கட்டாவிட்டால் வங்கி வெள்ளியை எடைபோட்டு விற்றுவிடும். ஜவ்வரிசி ஆலை என்றால் மூட்டைகளை ஏலம் விடும். துப்பாக்கியை அப்படி விற்க முடியாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 3-வது பிரிவுப்படி அதை வைத்திருக்கவே உரிமம் வேண்டும். விற்பதற்கு 5-வது பிரிவில் தனி உரிமம். சரக்கைக் கடைக்காரர் கையிலேயே விட்டு ஈடாக எழுதும் ஹைப்போதிகேஷன் பத்திரத்தில் சரக்கு முழுக்க எழுதியிருந்தாலும், வங்கி அதைத் தூக்கிப்போய்க் கிடங்கில் வைக்க வழியில்லை. அதனால் கணக்கு கெட்டதும் வங்கியின் பார்வை ஈடாக எழுதிக் கொடுத்த வீட்டின் மேல்தான் விழும். புதிதாக இந்தத் தொழிலுக்கு வருபவர்களுக்கு இது கடைசிவரை உறைப்பதில்லை. “சரக்கு இருக்கிறதே, வீட்டுக்கு ஏன் வரப்போகிறார்கள்” என்று இருந்துவிடுகிறார்கள்.

தவணை தவறியது, செக் திரும்பியது போன்றவை எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுவோம்.

வாடிக்கையாளர் துப்பாக்கியைச் சரக்குக் கணக்கில் சேர்ப்பது

தேர்தல் அறிவித்ததும் உரிமதாரர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைப்பார்கள். வெளிநாடு போகிறவர்களும் கடையில் வைத்துவிட்டுப் போவதுண்டு. அது கடைக்காரரின் சொத்து அல்ல. ஆனால் மாதக் கடைசியில் வங்கிக்குக் கொடுக்கும் சரக்கு விவரமான ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டை எழுதும் பையன் அலமாரியில் இருப்பதையெல்லாம் எண்ணி எழுதிவிடுகிறான்.

கணக்கு எங்கே இடிக்கிறது என்று பாருங்கள். சரக்கு 40 லட்சம், சப்ளையர்களுக்குத் தர வேண்டியது 6 லட்சம், வங்கி கழித்துக்கொள்ளும் மார்ஜின் 25 சதவீதம் என்றால், கணக்கில் எடுக்கக்கூடிய உச்சத் தொகையான டிராயிங் பவர் 25.5 லட்சம். அந்த 40-ல் 8 லட்சம் அடுத்தவர் துப்பாக்கி என்றால் உண்மையான டிராயிங் பவர் 19.5 லட்சம்தான். தணிக்கையாளர் ஆயுதப் பதிவேட்டை வாங்கி ஒப்பிட்ட அன்றே 6 லட்சம் வித்தியாசம் தெரிந்துவிடும். அதிகப்படி எடுத்த தொகை 90 நாள் தொடர்ந்து நின்றால் கணக்கு என்பிஏ, அதாவது வாராக்கடன். பொய் ஸ்டேட்மென்ட் கொடுத்தார் என்ற பேரும் ஒட்டிக்கொள்ளும். பிறகு எந்தச் சமரசப் பேச்சிலும் அது முன்னால் வந்து நிற்கும்.

மேனேஜரின் வாய்ச்சொல்லை நம்புவது

செல்லாது. மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள்.

60 நாள் நோட்டீசுக்குக் கெஞ்சல் கடிதம் எழுதுவது

எத்தனை முறை சொன்னாலும் திருந்தாத தவறு இது. கோர்ட்டுக்குப் போகாமலே பிணைச் சொத்தை எடுத்து விற்க வங்கிக்கு அதிகாரம் தரும் சர்ஃபேசி சட்டம் 13(2)-ன் கீழ் நோட்டீஸ் வருகிறது: 60 நாளுக்குள் முழுத்தொகையும் கட்டு, இல்லையேல் சொத்தைக் கையகப்படுத்துவோம். உடனே ஒரு வெள்ளைத் தாள். “மதிப்பிற்குரிய மேனேஜர் அய்யா அவர்களுக்கு, தொழில் மந்தம், மகள் கல்யாணம், தாங்கள் குறிப்பிட்ட தொகையை ஆறு மாதத்தில் கட்டிவிடுகிறேன், கருணை காட்டவும்.” அனுப்பியவர் நிம்மதியாகத் தூங்கப் போகிறார்.

அந்தத் தாள் செய்யும் சேதத்தைப் பார்க்க வேண்டும். “தாங்கள் குறிப்பிட்ட தொகை” என்று எழுதியதால் வங்கியின் கணக்கு அப்படியே ஒப்புக்கொள்ளப்பட்டது. பின்னால் வட்டி தப்பு என்று வாதாடினால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் நீட்டுவது இந்தக் கடிதத்தைத்தான். கையெழுத்திட்ட ஒப்புதல் என்பதால், காலவரம்புச் சட்டம் 18-வது பிரிவுப்படி வங்கிக்குப் புதிய காலக்கெடுவும் தொடங்குகிறது. எல்லாவற்றையும்விட, சர்ஃபேசி 13(3ஏ) என்ற ஒரு நல்ல வாய்ப்பு வீணாகிறது. அதன்கீழ் ஆட்சேபணை எழுதினால், அதை ஏற்காத வங்கி 15 நாளுக்குள் காரணம் சொல்லிப் பதில் தந்தாக வேண்டும். கெஞ்சலுக்குக் காரணம் சொல்லிப் பதில் எழுத ஒன்றுமில்லை. ஆட்சேபணைக்கு வங்கி சொல்லும் மழுப்பல் பதில், பிறகு டிஆர்டியில் (கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில்) உங்கள் கையில் இருக்கும் ஆதாரம்.

சேலத்தில் ஒரு கடையின் நோட்டீசில் பிணைச் சொத்துப் பட்டியலில் “கடையில் உள்ள அனைத்துத் துப்பாக்கிகளும்” என்றே இருந்தது. அதில் பாதி ஏற்காட்டு எஸ்டேட்காரர்கள் பழுதுபார்க்கக் கொடுத்தவை. உரிமையாளர் அதைப்பற்றி ஒரு வரி எழுதவில்லை. கல்யாணச் செலவைப்பற்றி முழுப் பக்கம் எழுதியிருந்தார்.

என்ன எழுத வேண்டும்? முதலில் யாருக்கு என்பது. கிளை மேலாளருக்கு அல்ல, நோட்டீசில் கையெழுத்திட்ட அதிகாரம் பெற்ற அலுவலருக்கு, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில். நோட்டீஸ் வந்த உறையை எறியாதீர்கள். தேதி அதில்தான் இருக்கிறது. கடன் அனுமதித்த நாள் முதலான முழுக் கணக்கு விவரத்தைக் கேளுங்கள். என்பிஏ ஆன தேதியிலிருந்து பின்னோக்கி 90 நாளை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். நடுவில் கட்டிய தொகையை வங்கி வரவு வைத்த நாளைப் பாருங்கள். அபராதத்தை வட்டியோடு சேர்த்து ஏற்றியிருக்கிறார்களா என்று தேடுங்கள். ரிசர்வ் வங்கியின் 18.8.2023 சுற்றறிக்கைப்படி அபராதம் தனிக் கட்டணமாகத்தான் இருக்கலாம், அதன்மேல் வட்டி போடக் கூடாது. புதிய கடன்களுக்கு இது 1.4.2024 முதல் நடைமுறை. 2019 அக்டோபருக்குப் பிறகு வாங்கிய சிறுதொழில் கடனில் மாறும் வட்டி என்றால், ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி குறைந்தபோது உங்கள் வட்டியும் குறைந்ததா என்று ஒப்பிடுங்கள்.

பட்டறை வைத்துத் தயாரிப்போ பழுதுபார்ப்போ செய்தால் சிறுதொழில் பதிவான உத்யம் சான்றிதழையும், 29.5.2015-ல் அறிவிக்கப்பட்ட எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) மறுவாழ்வு நடைமுறையையும் இங்கேயே பிரமாணப் பத்திரத்தோடு கோருங்கள். எல்லாம் முடிந்தபின் அதைக் கிளப்பினால் பலன் இல்லை என்று 2024-ல் புரோ நிட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வெறும் விற்பனைக் கடைக்கு இது உதவாது; வியாபாரிகளுக்கு 2021-ல் உத்யம் பதிவு கொடுத்தது முன்னுரிமைக் கடனுக்காக மட்டும்.

வங்கியின் பதில் வந்ததும் டிஆர்டிக்கு ஓடாதீர்கள். அந்தக் கட்டத்தில் அங்கே போக உரிமை இல்லை என்று சட்டமே சொல்கிறது.

சாவி நம்மிடம்தானே என்று இருப்பது

கதவில் ஒட்டிய கையகப்படுத்தல் அறிவிப்பு, அதே வாரம் இரண்டு நாளிதழ்களில் விளம்பரம். வீட்டில் நீங்கள்தான் குடியிருக்கிறீர்கள், ஆனாலும் காகிதத்தில் சொத்தைக் கையகப்படுத்தும் 13(4) நடவடிக்கை முடிந்துவிட்டது. டிஆர்டியில் 17-வது பிரிவு மனு போட 45 நாள் அன்றே ஓடத் தொடங்குகிறது. கலெக்டர் உத்தரவோடு ஆட்கள் வரும்வரை காத்திருப்பவர்கள் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டே பாதி வழக்கைத் தோற்கிறார்கள். சேலத்துக்காரர்கள் போக வேண்டியது கோவை டிஆர்டி. அங்கே தோற்றால் சென்னை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் கடன் தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் நிற்க முடியும். குறைத்தாலும் கால் பங்குக்குக் கீழே போகாது.

சிவில் கோர்ட்டில் தடை வாங்கப் போவது

சர்ஃபேசி 34-வது பிரிவு சிவில் கோர்ட்டைத் தடுக்கிறது. முடிந்தது.

நோட்டீசுக்குப் பிறகு வீட்டை மச்சானுக்கு வாடகைக்கு விடுவது

13(13) தடுக்கிறது. மச்சானும் மாட்டுவார்.

ஏலத்தன்று பணத்தோடு போகலாம் என்ற நம்பிக்கை

பழைய ஆட்கள் சொல்லும் யோசனை இது; அவர்கள் காலத்தில் சரிதான். 2016 திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியாகும் முன்பே முழுத்தொகையும் செலவும் கட்டினால்தான் சொத்தை மீட்கும் உரிமை. 2023-ல் பாஃப்னா மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. ஒரு தொகை பேசி மொத்தமாக முடிக்கும் ஒருமுறைத் தீர்வையும் உரிமையாகக் கேட்க முடியாது.

ஏற்காட்டு நிலத்தை மலைபோல் நம்புவது

விவசாய நிலத்தின் மீதான பிணைக்கு சர்ஃபேசி பொருந்தாது, 31-வது பிரிவு. ஆனால் பத்திரத்தில் காபித் தோட்டம் என்றிருந்து, இடத்தில் தங்கும் விடுதி ஓடினால்? ஆவணத்தில் உள்ள வகைப்பாடு மட்டும் போதாது, உண்மையில் சாகுபடி நடக்கிறதா என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். நிரூபிக்க வேண்டியவர் கடன் வாங்கியவர்.

சீல் வைக்க வரும்போது பேசாமல் நிற்பது

கடையும் பிணைச் சொத்தாக இருந்தால் உள்ளே இருக்கும் துப்பாக்கி, தோட்டா ஒவ்வொன்றும் உங்கள் உரிமத்தின் பொறுப்பு. சீல் வைக்கும் தேதி தெரிந்ததுமே உரிமம் வழங்கிய அதிகாரிக்கும் உள்ளூர்க் காவல் நிலையத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். வாடிக்கையாளர் துப்பாக்கிகளை வரிசை எண், உரிம எண்ணோடு தனிப் பட்டியலாக்கி, அவற்றைக் காவல் நிலையத்திலோ வேறு உரிமக் கடையிலோ ஒப்படைக்க அனுமதி கேளுங்கள். அன்று எழுதும் பொருள் பட்டியலில் “ஆயுதங்கள் – ஒரு லாட்” என்று எழுத விடாதீர்கள். குழல் வகை, தயாரிப்பாளர், எண் மூன்றும் இல்லாத பட்டியலில் கையெழுத்துப் போடக் கூடாது. வங்கி அலுவலர் அவசரப்படுத்தினால் மறுப்பை அதே தாளில் எழுதி, நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.