ஞாயிறு ஆராதனை முடிந்த பிறகு விசுவாசத்தை எப்படி வாழ்வது?

உங்கள் வீட்டிலோ கடையிலோ வேலை செய்தவருக்குக் கூலி பாக்கி இருக்கிறதா? இருந்தால் முதலில் அதைக் கொடுத்துவிட்டு வாருங்கள், மற்றதை அப்புறம் பேசலாம். விசுவாச வாழ்க்கை என்றதும் நாம் அதிகாலை ஜெபத்தையும் வேத வாசிப்பையும்தான் சொல்கிறோம். அவை இல்லாமல் எதுவும் நிலைக்காது, உண்மைதான், ஆனால் அந்த வேதத்தைத் திறந்தால் அது நம்மை நேராகக் கூலியாளிடம் அனுப்புகிறது. கூலியை மறுநாள் காலை வரை வைத்திருக்காதே என்கிறது லேவியராகமம் 19:13. பொழுது சாயும் முன் கொடு, அவன் ஏழை, அதையே நம்பியிருக்கிறான் என்கிறது உபாகமம் 24:15.

ஆகவே வேலைக்கு வரும் அக்காவுக்குச் சம்பளத் தேதியைக் குறித்துவைத்து, அவர் கேட்கும் முன்பே கொடுங்கள். கொத்தனாரோ பெயிண்டரோ வருகிற நாளில் பணத்தை முன்னமே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், "சில்லறை இல்லை, நாளைக்கு வா" என்ற பேச்சுக்கே இடம் வேண்டாம். கிறிஸ்துமஸுக்குச் சேலை எடுத்துக் கொடுப்பது நல்லதுதான், ஆனால் காய்ச்சலில் படுத்த நாளுக்குச் சம்பளம் பிடித்துவிட்டுச் சேலை கொடுத்தால் அது தர்மம் ஆகாது.

அடுத்தது டம்ளர். வேலைக்கு வருபவருக்குத் தனி டம்ளர், தனித் தட்டு வைத்திருக்கும் கிறிஸ்தவ வீடுகள் இன்னும் இருக்கின்றன. இதை மாற்ற நாள் பார்க்க வேண்டியதில்லை. நீங்கள் குடிக்கிற டம்ளரிலேயே காபி கொடுங்கள், நாற்காலியைக் காட்டுங்கள், நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்து, 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான வி.எஸ். அசரியா, 1910-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் மிஷனரிகளின் முகத்துக்கு நேரே இதைத்தான் கேட்டார்: ஏழைகளுக்காக உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உடலையும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பைக் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள். அன்று அதை வெள்ளைக்காரர்கள் காதில் வாங்க வேண்டியிருந்தது, இன்று நாம்தான் காதில் வாங்க வேண்டும்.

இதே பேச்சில் கல்யாணமும் வந்துவிடுகிறது. வரன் விளம்பரத்தில் "கிறிஸ்தவர்" என்று போட்டுவிட்டுப் பக்கத்திலேயே சாதிப் பெயரையும் போடாதீர்கள். கிறிஸ்துவுக்குள் யூதன், கிரேக்கன் என்ற வேறுபாடு இல்லை, எல்லோரும் ஒன்றே என்கிற கலாத்தியர் 3:28-ஐ மனப்பாடமாகச் சொல்கிற நாமே அதைச் செய்வது எனக்குப் பெரிய வேதனை. சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்ற பயம் நிஜமானது, அதனால் வரன் பார்க்கத் தொடங்கிய பிறகு யோசிக்காமல், பிள்ளைகள் கல்லூரியில் படிக்கும்போதே கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்துவிடுங்கள்.

மனஸ்தாபத்துக்கு வருவோம். ஆராதனையில் அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து ஞாயிறன்று, யாரோடோ பேச்சு நின்றுவிட்டது என்பதற்காகப் பந்திக்குப் போகாமல் பின்வரிசையிலேயே இருந்துவிடுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த மனசாட்சியை மதிக்கிறேன். ஆனால் மத்தேயு 5:23-24 அதோடு நிற்கச் சொல்லவில்லை. போய் ஒப்புரவாகிவிட்டுத் திரும்பி வரச் சொல்கிறது. எனவே முந்தின நாள் சனிக்கிழமையே கிளம்புங்கள், முடியாவிட்டால் போனாவது செய்யுங்கள். யார் பக்கம் நியாயம் என்ற வழக்கை எடுக்க வேண்டாம், "அன்றைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது, மன்னிச்சிடுங்க" என்றால் போதும். சொத்துத் தகராறாக இருந்தால் பங்கு, பத்திரம் எல்லாவற்றையும் வேறொரு நாளுக்குத் தள்ளிவையுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அந்த வசனம் பேசுவது மற்றவருக்கு நம்மேல் குறை இருக்கும்போது. உங்களை அடித்துத் துன்புறுத்தியவர் முன்னால் போய்த் தனியாக நிற்க வேண்டும் என்று யாராவது இதை வைத்து உங்களை நெருக்கினால், போகாதீர்கள்.

கொடுப்பதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. மிசோரம் சபைப் பெண்கள் 1910-லிருந்து, உலையில் போட அரிசி எடுக்கும்போதெல்லாம் ஒரு பிடியை ஊழியத்துக்கென்று தனியே எடுத்து வைக்கிறார்கள். நம் வீட்டிலும் அரிசியாகவே செய்யலாம், இல்லாவிட்டால் வெளியிலிருந்து சாப்பாடு வரவழைக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு டப்பாவில் இருபது ரூபாய் போட்டு வாருங்கள். மாதக் கடைசியில் அது தெரிந்த ஒரு பிள்ளையின் ஸ்கூல் பீஸுக்கோ, டயாலிசிஸுக்குப் போகிற ஒருவரின் ஆட்டோ செலவுக்கோ போகட்டும். கொடுக்கும்போது போட்டோ எடுக்காதீர்கள், ஸ்டேட்டஸும் வேண்டாம்.

குடும்ப ஜெபம் பத்து நிமிடம் போதும். ஒரு பாட்டு, ஒரு சங்கீதம், பிள்ளைகளுக்குத் தூக்கம் வரும் முன் முடித்துவிடுங்கள். "எல்லா ஏழைகளுக்காகவும்" என்று பொதுவாக ஜெபிக்காமல் ஆளின் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள், முடித்ததும் அவருக்காக நாளைக்கு நாம் என்ன செய்யலாம் என்று பிள்ளைகளிடமே கேளுங்கள். தனியாக இருக்கும் பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்காக ஜெபித்தீர்கள் என்றால், காலையில் பால் வாங்கப் போகிற பையனிடம் அவருக்கும் ஒரு பாக்கெட் சேர்த்து வாங்கிவரக் காசு கொடுத்து அனுப்புங்கள்.