நாலு நாள் காட்டு நடைக்கு ஸ்மார்ட்வாட்ச் சார்ஜ் நிற்க என்ன செய்ய வேண்டும்?

வெள்ளியங்கிரிக்கு ராத்திரியில் ஏறி, விடிந்ததும் இறங்கிவிடுபவர்களுக்கு வாட்ச் சார்ஜ் பெரிய கவலை இல்லை. பூண்டியில் நூறு சதவீதத்தோடு கிளம்பினால் பெரும்பாலான வாட்சுகள் அடிவாரம் திரும்பும்வரை தாக்குப்பிடிக்கும். டாப்ஸ்லிப், வால்பாறை, பர்கூர்ப் பக்கம் மூன்று நாள், நாலு நாள் என்று நடக்கப் போகும்போதுதான் சிக்கல். ரெண்டாம் நாள் மத்தியானம் கையில் வெறும் கறுப்புக் கண்ணாடிதான் மிஞ்சும்.

சார்ஜைக் கட்டுச்சோறு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். வழியில் கடை கிடையாது. எத்தனை வேளை, வேளைக்கு எவ்வளவு என்று வீட்டிலேயே கணக்குப் பார்த்துத்தான் கட்ட வேண்டும்.

பேட்டரி பற்றி இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பாதி பனிமலைக்காரர்களுக்கு எழுதியவை. குளிரில் பேட்டரி செத்துவிடும், உள்சட்டைக்குள் வைத்துத் தூங்குங்கள் என்பார்கள். நம் மலைகளில் குளிர் அவ்வளவு தூரம் போவதில்லை. கையில் கட்டியிருக்கும்வரை உடம்புச் சூடே போதும். இங்கே சார்ஜைத் தின்பவை வேறு: டவர் தேடி அலையும் ரேடியோ, சோலைக்காட்டு நிழலில் திணறும் ஜிபிஎஸ், தேவையில்லாமல் எரியும் திரை.

படி 1: பெட்டியில் போட்டிருக்கும் நாளை நம்பாதீர்கள்

பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் நாள் கணக்கு, ஜிபிஎஸ் ஓடாதபோது கிடைப்பது. கார்மின் இன்ஸ்டிங்ட் 2-க்குச் சாதாரணப் பயன்பாட்டில் 28 நாள் என்கிறார்கள். அதே வாட்சுக்கு ஜிபிஎஸ் ஓடினால் 30 மணி நேரம்தான். ஆப்பிள் வாட்ச் அல்ட்ரா 2-க்குச் சாதாரணப் பயன்பாட்டில் 36 மணி, லோ பவர் மோடில் 72 மணி. நீங்கள் தேட வேண்டியது ஜிபிஎஸ் மணிக்கணக்கு. அதிலும் புது வாட்சின் கணக்கு அது. ரெண்டு வருஷம் கையில் கிடந்த பேட்டரி அந்த அளவுக்கு வராது.

விலை குறைந்த வாட்சுகள் பலவற்றில் ஜிபிஎஸ்ஸே கிடையாது. போனின் ஜிபிஎஸ்ஸை வாங்கித்தான் காட்டும். அப்படிப்பட்ட வாட்ச் என்றால் நீங்கள் காப்பாற்ற வேண்டியது போன் பேட்டரியை.

படி 2: வீட்டுப் பக்கத்தில் ஒரு சோதனை நடை

இதைத் தவிர்த்துவிட்டு மீதி எதைச் செய்தாலும் குத்துமதிப்புதான். சென்னிமலையோ சிவன்மலையோ, பக்கத்தில் இருக்கும் ஏதாவது ஒரு குன்றைத் தேர்ந்தெடுங்கள். சென்னிமலையின் 1,320 படிகளை ரெண்டு தரம் ஏறி இறங்கினால் சோதனைக்குப் போதும். முழு சார்ஜில் வாட்சில் ஜிபிஎஸ் நடைப் பதிவைத் தொடங்கி, குறைந்தது ரெண்டு மணி நேரம் ஓடவிடுங்கள். எத்தனை சதவீதம் குறைந்தது என்று குறித்து, மணிக்கணக்கால் வகுத்துக்கொள்ளுங்கள். அன்று ராத்திரி தூங்கும்முன் ஒரு தரம், எழுந்ததும் ஒரு தரம் பார்த்தால் சும்மா இருக்கும்போது மணிக்கு எவ்வளவு போகிறது என்பதும் தெரிந்துவிடும்.

ஓர் உதாரணம். நடக்கும்போது மணிக்கு 8 சதவீதம், சும்மா இருக்கும்போது 0.8 என்று வந்தது என வைத்துக்கொள்வோம். நாளுக்கு 7 மணி நேர நடை என்றால் 56. மிச்சம் 17 மணி நேரத்துக்கு ஏறத்தாழ 14. ஆக, நாளுக்கு 70. நாலு நாளுக்கு 280. கடைசியில் கையிருப்பாக 20 வேண்டும், எனவே 300. கிளம்பும்போது இருப்பது 100. வழியில் ஏற்ற வேண்டியது 200, அதாவது ரெண்டு முழு சார்ஜ்.

படி 3: முந்தின நாள் வேலை

சாஃப்ட்வேர் அப்டேட்டை ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். அப்டேட் ஆனதும் ஒன்றிரண்டு நாள் வாட்ச் உள்ளுக்குள் வேலை பார்த்துக்கொண்டே இருக்கும். அந்த நாட்களில் சார்ஜ் வழக்கத்தைவிட வேகமாக இறங்கும்.

கிளம்பும் அன்று காலை, நெட் இருக்கும்போதே வாட்சைப் போன் ஆப்போடு ஒரு தரம் சிங்க் செய்யுங்கள். செயற்கைக்கோள்கள் அடுத்த சில நாளுக்கு எங்கெங்கே இருக்கும் என்ற விவரம் அப்போது இறங்கும். அது இல்லாவிட்டால் வாட்ச் அதை வானத்திலிருந்தே கேட்டு வாங்க வேண்டும். ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் விவரத்தை 30 விநாடிக்கு ஒரு சுற்றாகத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும். நடுவில் ஒரு கிளை மறைத்து விட்டுப்போனால் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும். சோலைக்குள் நின்று "இன்னும் சிக்னல் கிடைக்கலையே" என்று புலம்புவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம். வரைபடத்தையும் பாதையையும் அப்போதே இறக்கி வையுங்கள்.

படி 4: எதை அணைப்பது, எதை விடுவது

முதலில் ரேடியோ. சிம் அல்லது ஈசிம் உள்ள வாட்ச் என்றால் மொபைல் நெட்வொர்க்கை அணையுங்கள். ஆழியார் தாண்டி மலை ஏறியதும் டவர் விட்டு விட்டுத்தான் வரும். சிக்னல் தேய்ந்த இடத்தில் ரேடியோ கூடுதல் சக்தியோடு கத்திக் கத்தித் தேடும். வைஃபையும் வேண்டாம். போனுக்கும் இதேதான்: ஏரோபிளேன் மோடில் போட்டாலும் போனின் ஜிபிஎஸ் வேலை செய்யும். வாட்ச் போனின் ஜிபிஎஸ்ஸை நம்பியிருந்தால் புளூடூத்தை மட்டும் மறுபடி ஆன் செய்துகொள்ளுங்கள்.

அடுத்தது திரை. ஆல்வேஸ் ஆன் டிஸ்ப்ளே வேண்டாம். கையைத் தூக்கினால் திரை எரியும் வசதியும் வேண்டாம். பட்டனை அழுத்திப் பார்த்துக்கொள்ளலாம். வெள்ளியங்கிரி மாதிரி கைத்தடி ஊன்றி நடக்கும் மலையில் இதன் பாதிப்பு தனி: தடியைத் தூக்கி ஊன்றும் ஒவ்வொரு தரமும் திரை விழித்துக்கொள்ளும். அணைக்க மனமில்லை என்றால் தடி பிடிக்காத கையில் வாட்சைக் கட்டுங்கள். அமோலெட் திரையில் கறுப்புப் பகுதி எரிவதே இல்லை; எனவே முகப்புக்குக் கறுப்புப் பின்னணி, மெல்லிய எண்கள் போதும். தொடுதிரைப் பூட்டையும் போட்டுவிடுங்கள். வியர்வையும் மழையும் விரல் மாதிரி தொட்டு, பதிவைத் தாமே நிறுத்திவிடும்.

ரத்த ஆக்சிஜன், மன அழுத்தம், தூக்க அளவீடு, குரலுக்கு விழிக்கும் உதவியாளர் எல்லாவற்றையும் அணையுங்கள். இதயத்துடிப்பு உங்கள் விருப்பம். ஏற்றத்தில் அளவு மீறாமல் நடக்க அது உதவும் என்பதால், மிச்சமெல்லாம் அணைத்த பிறகு இதை விட்டுவைக்கலாம் என்பதே எங்கள் கருத்து.

படி 5: ஜிபிஎஸ்ஸில் கஞ்சத்தனம் எதுவரை?

இங்கேதான் அதிகம் மிச்சமாகும், அதிகம் கெட்டும் போகும். பல செயற்கைக்கோள் வரிசைகளையும் (ஜிபிஎஸ்ஸோடு குளோனாஸ், கலிலியோ போன்றவை) இரட்டை அலைவரிசையையும் (ஒரே செயற்கைக்கோளை ரெண்டு அலைவரிசையில் கேட்பது) சேர்த்து ஓட்டினால் சில வாட்சுகளில் நேரம் பாதியாகிவிடும். திறந்த புல்வெளி, தேயிலைத் தோட்டம், கரடு என்றால் 'ஜிபிஎஸ் மட்டும்' போதும். அடர்ந்த சோலை, ஒடுங்கிய பள்ளம் என்றால் பல வரிசைகளை வைத்துக்கொள்ளுங்கள். அங்கே மிச்சம் பிடித்தால் தடம் பாறைக்கு அந்தப்பக்கம் போய் நிற்கும்.

நிற்கும் இடத்தை விநாடிக்கு ஒரு புள்ளியாகக் குறிப்பதை நிமிஷத்துக்கு ஒரு புள்ளி என்று மாற்றும் வசதியும் உண்டு. சார்ஜ் நன்றாக நிற்கும். ஆனால் வளைந்து வளைந்து ஏறும் பாதையில் வளைவுகளை நேர்க்கோடாக வெட்டிவிடும். தூரம் குறைவாகக் காட்டும். திரும்பி வரும்போது அந்தத் தடத்தை நம்பினால் பாதை இல்லாத சரிவில் கொண்டுபோய் விடும். சந்தேகம் இருந்தால் ஆழியாரிலிருந்து வால்பாறைக்குப் பேருந்தில் போகும்போதே போட்டுப் பாருங்கள்: 40 கொண்டை ஊசி வளைவுகளில் எத்தனை மிஞ்சுகிறது என்று எண்ணிக்கொள்ளலாம். நேரான வனச்சாலைக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: பவர் பேங்க்

வாட்ச் பேட்டரி சின்னது. 300 எம்ஏஎச் என்றால் அதில் அடங்கும் ஆற்றல் ஏறத்தாழ 1.2 வாட்-மணி. காந்த சார்ஜரிலும் பவர் பேங்கிலும் வீணாவதைச் சேர்த்து இரட்டிப்பாக்கினால், முழு சார்ஜுக்கு 2.4 வாட்-மணி. ரெண்டு சார்ஜுக்கு 5 என்று வையுங்கள். 10,000 எம்ஏஎச் பவர் பேங்கில் இருப்பது 37 வாட்-மணி. வாட்சுக்குப் போக மிச்சத்தில் 5,000 எம்ஏஎச் போன் ஒரு தரம் முழுசாக ஏறிவிடும். வாட்ச் மட்டும்தான் என்றால் 5,000 எம்ஏஎச் பவர் பேங்கே தாராளம். அதற்கு மேல் சுமப்பது வெறும் கனம்.

புதியவர்கள் தடுமாறுவது வேறு இடத்தில். வாட்ச் இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு. அதனால் பல பவர் பேங்குகள் "எதுவும் மாட்டவில்லை போல" என்று நினைத்துத் தாமே அணைந்துவிடும். காலையில் பார்த்தால் 40 சதவீதத்திலேயே நிற்கும். சிலவற்றில் பட்டனை ரெண்டு தரம் தட்டினாலோ அழுத்திப் பிடித்தாலோ குறைந்த மின்னோட்ட மோட் வரும், கையேட்டில் பாருங்கள். அந்த வசதி இல்லாவிட்டால் அதே நேரத்தில் போனையும் சேர்த்து மாட்டுங்கள். இன்னொன்று: ரெண்டு முனையும் டைப்-சி ஆன கேபிளில் சில மலிவு வாட்சுகளின் சார்ஜர் வேலையே செய்யாது. பழைய அகலமான யுஎஸ்பி முனை உள்ள கேபிள் ஒன்றையும் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் வீட்டிலேயே மாட்டிச் சோதித்துவிடுங்கள்.

அடிவாரத்தில் வனத்துறையினர் பிளாஸ்டிக்கைப் பார்த்து எடுத்துவிடுவார்கள். கேபிளைக் கவரில் சுற்றாமல் துணிப்பையில் போடுங்கள்.

சோலார் வாட்ச் வைத்திருப்பவர்களுக்கு: கார்மின் சொல்லும் கூடுதல் நாட்கள், தினம் 3 மணி நேரம் 50,000 லக்ஸ் வெளிச்சம் கிடைத்தால் வருபவை. மர நிழலில் அது கிடைக்காது. கணக்கில் சேர்க்காதீர்கள்.

படி 7: வழியில் எப்போது ஏற்றுவது

பொழுதோட, தங்கும் இடம் சேர்ந்த பிறகு. பையில் போட்டு நடந்துகொண்டே ஏற்றினால் காந்தம் நழுவும், ஒட்டும், மறுபடி நழுவும், சூடுதான் மிஞ்சும். மாட்டும்முன் வாட்சின் முதுகைத் துடைத்து உலரவிடுங்கள். வியர்வை உப்பு சார்ஜ் ஏற்றும் உலோகப் புள்ளிகளில் படிந்தால் சார்ஜ் ஏறாது, நாளடைவில் அரிக்கும். வாட்சையும் சார்ஜரையும் ஒரு ரப்பர் பேண்டால் கட்டிவிட்டால் அசையாது. வெயிலில் பாறை மேல் வைத்து ஏற்றாதீர்கள். 45 டிகிரிக்கு மேல் லித்தியம் பேட்டரியை ஏற்றுவது அதன் ஆயுளைக் குறைக்கும், பல வாட்சுகள் சூடேறினால் சார்ஜை நிறுத்தியும்விடும்.

நேரம் குறைவென்றால் 80 வரை ஏற்றிவிட்டு எடுத்துவிடுங்கள். கடைசி 20 மெதுவாகத்தான் ஏறும். காட்டு விடுதிகளில் மின்சாரம் இருந்தால் லாபம். இருக்கும் என்று நம்பித் திட்டம் போடக் கூடாது. ராத்திரி வாட்சையே அணைத்துவிட்டால், மேலே போட்ட கணக்கில் ஒவ்வொரு ராத்திரிக்கும் 6 சதவீதம் போல மிச்சம்.

புலிகள் காப்பகப் பகுதிகளுக்குள் அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் போக முடியாது என்பது தெரிந்ததே. வழிகாட்டி கூட இருக்கும்போது வாட்ச் ரெண்டாம் சாட்சிதான். நிமிஷத்துக்கு ஒரு தரம் வரைபடத்தைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை.

15 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால் முதலில் பதிவை நிறுத்திச் சேமியுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்தால் சில வாட்சுகளில் அன்றைய தடம் கெட்டுப்போகும். பிறகு வாட்சை முழுசாக அணைத்துப் பையில் போடுங்கள். பாதை பிரியும் இடத்தில் மட்டும், வானம் தெரியும் திறந்த இடமாகப் பார்த்து நின்று ஆன் செய்து, நிற்கும் இடத்தைச் சரிபார்த்துவிட்டு மறுபடி அணைத்துவிடுங்கள்.